கட்டத்தை எண்ணுவோம், நேரத்தையும் எண்ணுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



கட்டம் போட்ட துணியில் எங்க குழு செய்யிற கைவேலையைப் பத்திப் பேசச் சொன்னாங்க. எனக்கு மேடைப் பேச்சு வராது. தெரிஞ்ச வேலையை மட்டும் சொல்றேன். வேலையைச் சொல்லி முடிச்சதும் ஒரு கோரிக்கையும் இருக்குது. அதையும் கேட்டுட்டுப் போகணும்.

கட்டம் போட்ட துணின்னா நமக்கு லுங்கி தெரியும், சென்னிமலை பெட்ஷீட் தெரியும், பிள்ளைங்க பள்ளிக்கூட யூனிஃபார்ம் தெரியும். நான் சொல்றது அதுல ஒரு தனி வகை. ஒரே ஒரு நிறம், கூட வெள்ளை. எல்லாக் கட்டமும் ஒரே அளவு. கரூர்ல இருந்து வெளிநாட்டுக்குப் போற அடுப்படித் துண்டு, மேஜை விரிப்பு, சமையலுக்குக் கட்டுற ஏப்ரன், இதுகள்ல நீலக் கட்டமும் சிவப்புக் கட்டமும் பார்த்திருப்பீங்க. அதுதான். வெளிநாட்டுக்காரங்க இதுக்கு கிங்ஹாம்னு பேர் வச்சிருக்காங்க. அந்தப் பேரே கிழக்குப் பக்கம் மலாய் மொழியில இருந்து போனதுன்னு சொல்றாங்க. நம்ம ஊர்க் கடையில கேக்கிறதா இருந்தா "சின்னக் கட்டம், வெள்ளையும் நீலமும்"னு கேட்டாப் போதும், எடுத்துக் கொடுத்துடுவாங்க.

இந்தத் துணியை நல்லா உத்துப் பாருங்க. இரண்டு நிறம்னு சொல்றோம், ஆனா மூணு நிறம் தெரியும். அடர் நீலக் கட்டம் ஒண்ணு, வெள்ளைக் கட்டம் ஒண்ணு, இரண்டுக்கும் நடுவுல வெளிர் நீலக் கட்டம் ஒண்ணு. தறி வீட்டுல பிறந்தவங்களுக்கு இது ஏன்னு தெரியும். பாவுல கொஞ்சம் நீல நூல், அப்புறம் அதே அளவு வெள்ளை நூல்னு மாத்தி மாத்தி ஓட்டியிருப்பாங்க. ஊடையிலயும் அதே மாதிரி. நீலத்து மேல நீலம் குறுக்கே வந்தா அடர் நீலம். வெள்ளைமேல வெள்ளை வந்தா வெள்ளை. ஒண்ணு நீலம் ஒண்ணு வெள்ளைன்னா வெளிர் நீலம். சாயம் போட்ட நூலை வச்சு நெய்யிறதால முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். வாங்கும்போது திருப்பிப் பாருங்க. பின்பக்கம் வெளுத்திருந்தா அது அச்சுப் போட்ட துணி. அச்சுத் துணியில கட்டம் இழை வழியா போகாது, கோணலா இருக்கும். நம்ம வேலைக்கு அது ஆகாது.

இன்னொரு சோதனையும் இருக்குது. டேப்பை வச்சு நீளவாக்கில 20 கட்டம், அகலவாக்கில 20 கட்டம் அளந்து பாருங்க. இரண்டும் ஒரே அளவு வரணும். சில துணியில கட்டம் ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பூப் போட்டதும் பூ முட்டை மாதிரி ஆயிடும்.

அப்புறம் சாயம். வெள்ளைத் துணியை நனைச்சு ஒரு ஓரத்துல தேய்ச்சுப் பாருங்க. சிவப்புக் கட்டம்னா கட்டாயம் பார்க்கணும். வாங்கின துணியை வெட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா அலசிக் காய வச்சு, இஸ்திரி போட்டுக்கணும். பருத்தி முதல் தண்ணியில சுருங்கும். முதல்ல சுருங்கிட்டா நமக்கு நல்லது. தச்சு வித்த பிறகு சுருங்கினா வாங்கினவங்க திட்டுவாங்க.

இந்தத் துணியில எனக்குப் பிடிச்ச விஷயம், டேப்பே வேண்டாம்கிறதுதான். கால் இஞ்சுக் கட்டம்னா 4 கட்டம் ஒரு இஞ்சு. தலையணை உறை 17-க்கு 27 வேணுமா, 68 கட்டம், 108 கட்டம் எண்ணிக்குங்க, தையலுக்குத் தனியா சேர்த்துக்குங்க. வெட்டறதுக்குச் சாக்கட்டியும் வேண்டாம், கட்டத்தோட ஓரத்துலயே கத்திரி போகும். ஓரம் மடிச்சு அடிக்கவும் ஒரு கட்டம் உள்ள மடிச்சு, இன்னொரு கட்டம் மடிச்சா நேரா வந்துடும். புதுசா மிஷின் பழகுற பிள்ளைங்களுக்கு இதைத்தான் முதல்ல கொடுக்கிறேன். கோடு போட்ட நோட்டுல எழுதிப் பழகுற மாதிரி, தையல் கோணலாப் போனா அவங்களுக்கே தெரிஞ்சுடும்.

இந்தத் துணி ஒரு விஷயத்துல நம்மளைக் காட்டிக் கொடுத்துடும். சட்டைக்கோ கவுனுக்கோ பக்கத் தையல் போடும்போது இந்தப் பக்கக் கட்டமும் அந்தப் பக்கக் கட்டமும் சேரலைன்னா பத்தடி தூரத்துல இருந்தே தெரியும். அதனால துணியை இரண்டா மடிச்சு ஒரே வெட்டா வெட்ட வேண்டாம். ஒரு பாகம் வெட்டி, அதை மிச்சத் துணிமேல கட்டத்துக்குக் கட்டம் பொருத்தி வச்சு அடுத்ததை வெட்டுங்க. தைக்கும்போது ஒவ்வொரு அடர் கட்டத்துக்கும் ஒரு குண்டூசி குத்திக்குங்க. பாக்கெட்டுக்கு இன்னொரு வழி இருக்குது. பாக்கெட்டை மட்டும் கிராஸா வெட்டிட்டா கட்டம் வைரமாத் தெரியும், பொருத்துற கவலையும் இல்லை. கழுத்துப் பைப்பிங்குக்கும் அதே கிராஸ் பீஸ் அழகா இருக்கும்.

இனி பூ வேலைக்கு வர்றேன். 1930-கள்ல அமெரிக்காவுல பெரிய பணத்தட்டுப்பாடு வந்துச்சு. வேலை இல்லை, கையில காசு இல்லை. லேஸ் வாங்க முடியாத பொம்பளைங்க கட்டத் துணியில வெள்ளை நூலை வச்சே லேஸ் மாதிரி பூப் போட்டு, அடுப்படி ஏப்ரனுக்கு வச்சுக்கிட்டாங்க. அந்த வேலைக்கு சிக்கன் ஸ்க்ராட்ச்னு பேரு. கோழி கிளறின மாதிரின்னு அர்த்தம். நம்ம பிள்ளைங்க கையெழுத்தைக் கோழி கிறுக்கின மாதிரின்னு நாமும் திட்டுறோமே, அங்கயும் கோழிதான் மாட்டிக்கிச்சு. பேருதான் அப்படி. வேலை முடிஞ்ச பிறகு பார்த்தா துணிமேல லேஸ் வச்சுத் தச்ச மாதிரியே இருக்கும்.

இதுல மூணே மூணு தையல். பொறுமையாக் கேளுங்க. நோட்டு வச்சிருக்கிறவங்க நோட்டுல 3-க்கு 3, ஒன்பது கட்டம் போட்டுக்குங்க. நடுக்கட்டம் வெள்ளை. நாலு மூலையும் அடர் நீலம். மீதி நாலு, அதாவது வெள்ளைக்கு மேல, கீழ, இடது, வலது, வெளிர் நீலம். துணியில எந்த வெள்ளைக் கட்டத்தை எடுத்தாலும் சுத்தி இப்படித்தான் இருக்கும்.

முதல் தையல், மூலையில இருக்கிற நாலு அடர் கட்டத்துல. முதல்ல ஒரு பெருக்கல் குறி போடுங்க, மூலைக்கு மூலை. அதுமேலயே ஒரு கூட்டல் குறி. நட்சத்திரம் மாதிரி வரும். வெள்ளை நூல்ல போடும்போது அடர் கட்டம் வெளுத்துடும், அதுதான் லேஸ் மாதிரி காட்டுறது. எல்லா நட்சத்திரத்துலயும் கடைசி இழை படுக்கையாத்தான் மேல வரணும். ஒண்ணுல படுக்கை, ஒண்ணுல நிமிர்த்திப் போட்டா வேலை சுத்தமாத் தெரியாது.

இரண்டாவது தையல், நாலு வெளிர் கட்டத்துல. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு நேர் இழை. மேலயும் கீழயும் இருக்கிற கட்டத்துல நிமிர்ந்த இழை, இடது வலதுல படுக்கை இழை. நாலு இழையும் நடு வெள்ளையைப் பார்த்து நிக்கணும்.

மூணாவது, வளையம். நடு வெள்ளைக் கட்டத்துக்கு ஓரமா ஊசியை மேல எடுத்து, அந்த நாலு நேர் இழைக்கும் அடியில நூலை விட்டு இரண்டு சுத்து சுத்தி, புறப்பட்ட இடத்துலயே கீழ இறக்கணும். துணியைக் குத்தக் கூடாது, இழைக்கு அடியில மட்டும் போகணும். ஊசியோட கூர் துணியில மாட்டும். அதனால ஊசியைத் திருப்பி, காதுப் பக்கத்தை முன்னாடி விடுங்க. வளையத்தை இறுக்கிப் பிடிச்சா சதுரமாயிடும். கொஞ்சம் தளர விட்டா உருண்டையா உட்காரும்.

அவ்வளவுதானுங்க. ஒன்பது கட்டத்துல ஒரு பூ. டிரேசிங் பேப்பர் இல்லை, கார்பன் இல்லை, படம் வரையிற வேலையே இல்லை.

நம்ம பொம்பளைங்களுக்கு இது புதுசும் இல்லை. நேர்ப்புள்ளி வச்சுக் கோலம் போடுற கைதானே இது? அடர் கட்டமெல்லாம் நேர்ப்புள்ளி. அதுக்கு நடுச்சந்துல வர்ற வெள்ளைக் கட்டம் ஊடுபுள்ளி. சிக்குக் கோலத்துல கோடு புள்ளியைச் சுத்தி வர்ற மாதிரி, இங்க நூல் வெள்ளையைச் சுத்தி வருது. நெசவுக்காரங்க புள்ளி வச்சுக் கொடுத்துட்டாங்க, நாம கோடு இழுக்கிறோம். எங்க குழுவுல ஒரு அக்கா இருக்காங்க. பள்ளிக்கூடமே போனதில்லை, கையெழுத்து மட்டும் குழுவுல சேர்ந்து பழகினாங்க. மார்கழியில அவங்க வாசல்ல 21 புள்ளிக் கோலம் இருக்கும். பத்தாவது படிச்ச நான் நோட்டுல வரைஞ்சு வரைஞ்சு இரண்டு நாள்ல பிடிச்ச வேலையை, அந்தக்கா ஒரு மத்தியானத்துல பிடிச்சுட்டாங்க. அடுத்த வாரம் அவங்களே புதுசா ஒரு மாங்காய் பார்டர் எண்ணிக் கண்டுபிடிச்சுட்டாங்க. படிப்பு வரலை, கைவேலை நமக்கு வராதுன்னு ஒதுங்கி உட்காருற அக்காமாருக்கு இதைத்தான் சொல்றேன். எண்ணத் தெரிஞ்சா போதும்.

நூல் எவ்வளவு ஆகும்னு கேப்பீங்க. ஆங்கர் நூல் ஒரு லச்சி 8 மீட்டர், அதுல 6 இழை. மூணு மூணா பிரிச்சா 16 மீட்டர் ஆகுது. கால் இஞ்சுக் கட்டத்துக்கு மூணு இழை சரியா இருக்கும். அரைக்கால் இஞ்சுக் கட்டத்துல குழந்தைங்க கவுனுக்குப் போட்டா இரண்டு இழை போதும். நான் அளந்து பார்த்ததுல கால் இஞ்சுக் கட்டத்துல ஒரு பூவுக்கு ஒரு முழம் நூல் ஆகுது. பூவை முழம் போட்டு வாங்குறோம் இல்லீங்களா, இங்கயும் பூவுக்கு முழம்தான். நினைவுல வச்சுக்கச் சுலபம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பின்பக்கம் தூரமா நூலை இழுத்துட்டுப் போகாதீங்க, கலர் நூல் வெள்ளைக் கட்டத்துல நிழல் மாதிரி தெரியும். இரண்டாவது, பகல் வெளிச்சத்துல போடுங்க. ராத்திரி குண்டு பல்புல கட்டம் எண்ணினா ஒரே மாசத்துல தலைவலி வரும். அரை மணிக்கு ஒருக்கா தலை நிமிர்ந்து தூரத்துல இருக்கிற மரத்தைப் பாருங்க. இந்தக் கண்ணு நமக்குக் கடைசி வரைக்கும் வேணும்.

இப்போ கோரிக்கைக்கு வர்றேன்.

போன வருஷம் டவுன்ல ஒரு கடைக்காரர் எங்க குழுவுக்கு ஆர்டர் கொடுக்க வந்தார். அடுப்படித் துண்டு, 18 இஞ்சு அகலம். ஓரம் அடிச்ச துண்டும் நூலும் அவரே கொடுத்துடுவார். துண்டோட அகலம் முழுக்க ஒரு வரிசை பூப் போட்டுக் கொடுக்கணும். ஒரு துண்டுக்கு 15 ரூபாய். "வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல போடுறதுதானம்மா, வந்தவரைக்கும் லாபம்தானே"ன்னு சொன்னார்.

குழுக் கூட்டத்துல பாதிப் பேருக்கு அது சரின்னு பட்டுது. நான் ஒரு வாரம் கேட்டேன். கடிகாரத்தை முன்னாடி வச்சுக்கிட்டு அஞ்சு பேர் பூப் போட்டோம். புதுசாப் பழகினவங்களுக்கு ஒரு பூவுக்கு 7 நிமிஷம். கை பழகினவங்களுக்கு 4 நிமிஷம். அதுக்குக் கீழ யாருக்கும் வரலை, போட்டாலும் வளையம் கோணலாச்சு. துண்டு அகலம் 18 இஞ்சு, 72 கட்டம். ஓரம் மடிச்சது போக 68. ஒரு பூவுக்கு 3 கட்டம், இடைவெளி 1 கட்டம், ஆக 4 கட்டத்துக்கு ஒரு பூ. இரண்டு ஓரத்துலயும் கொஞ்சம் விட்டா 16 பூ. 16 பூவை 4 நிமிஷத்தால பெருக்குங்க. 64 நிமிஷம். ஒரு மணி நேரத்துக்கும் மேல குனிஞ்ச தலை நிமிராமப் போட்டா 15 ரூபாய்.

நூறு நாள் வேலைக்கு நம்ம மாநிலத்துல 2025-26-க்கு அரசாங்கம் நிர்ணயிச்ச நாள் கூலி 336 ரூபாய். 8 மணி நேரம்னு வகுத்தா மணிக்கு 42 ரூபாய். அந்தக் கணக்குல ஒரு துண்டு பூ வேலைக்கு 45 ரூபாய் வருது. மண்ணு வெட்டுற கைக்கு ஒரு கூலி, ஊசி பிடிக்கிற கைக்கு அதுல மூணுல ஒண்ணா? இதைக் கரும்பலகையில எழுதி வச்சேன்.

"சும்மா இருக்கிற நேரம்"ங்கிறதையும் அன்னிக்கு யோசிச்சோம். அக்கா, நமக்கு அப்படி ஒரு நேரம் இருக்குதுங்களா? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்துட்டு, ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்து ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கிறோமே, அந்த நேரம்தான் அது. பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்துல உட்காருற நேரம்தான் அது. அதை எடுத்து விக்கிறோம்னா அதுக்கு விலை வேணும்.

ஆனா அன்னிக்கு ஒரு அக்கா எழுந்து கேட்டது இன்னும் என் காதுல இருக்குது. "நீ சொல்ற கணக்கு சரிதான் கண்ணு. வேண்டாம்னு சொல்லிட்டா அந்த 15 ரூபாயும் போயிடும். எனக்கு இந்த மாசம் தவணை கட்டணுமே?" அவங்க கேட்டதுல தப்பே இல்லை. வீட்டுல சம்பாதிக்கிற ஆள் வேற யாரும் இல்லாதவங்க. கணக்கைச் சொல்லி அவங்க வாயை அடைக்கிறது எனக்குச் சரியாப் படலை. ஆர்டரையும் விடக் கூடாது, நேரத்தையும் விடக் கூடாது, என்ன வழின்னு இரண்டு கூட்டம் பேசினோம்.

வழியைக் கட்டமே காட்டிச்சு. 15 ரூபாய்க்கு எத்தனை நிமிஷம்? மணிக்கு 42 ரூபாய்னா 20 நிமிஷ வேலைக்கு 14 ரூபாய். 20 நிமிஷத்துல எத்தனை பூ? அஞ்சு. அப்போ 15 ரூபாய்க்கு அஞ்சு பூ. அந்த மாங்காய் பார்டர் அக்காவே துண்டோட ஒரு மூலையில அஞ்சு பூவை முக்கோணமா வர்ற மாதிரி எண்ணிப் போட்டுக் காட்டினாங்க. கடைக்காரர்கிட்ட இரண்டு துண்டையும் கொண்டு போய் வச்சோம். "ஐயா, வரிசை முழுக்க வேணும்னா 45 ரூபாய். 15 ரூபாய்னா இந்த மூலைப் பூ. எது வேணுமோ சொல்லுங்க"ன்னு கேட்டோம். முகம் சுளிச்சார், ஊர்ல வேற ஆள் இல்லையான்னார். மூணாம் நாள் போன் பண்ணி மூலைப் பூ போதும்னார். 60 துண்டு போட்டுக் கொடுத்தோம். அந்த அக்கா தவணை கட்டினாங்க.

வரிசைப் பூவை எங்க சொந்தச் சரக்காப் போட்டோம். அதோட கணக்கையும் சொல்லிடறேன், உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்குங்க. 36 இஞ்சு அகலத் துணியில 27 இஞ்சு நீளம் வெட்டினா இரண்டு துண்டு. முக்கால் மீட்டர் 60 ரூபாய்னு வச்சா துண்டுக்கு 30. பூ நூல் அரை லச்சி, 6 ரூபாய். மிஷின் நூல், கரண்ட் 2 ரூபாய். பூ வேலை 45. வெட்டி ஓரம் அடிக்கக் கால் மணி நேரம், 10 ரூபாய். இஸ்திரி போட்டு மடிக்க 4 ரூபாய். கூட்டினா 97. குழு நிதிக்குக் கொஞ்சம் சேர்த்து 110 ரூபாய் விலை வச்சோம். மாவட்டத் தலைநகர்ல பூமாலை வணிக வளாகத்துல நடந்த கண்காட்சியில வச்சதுல 22 போச்சு. 30 கொண்டு போனதுல 8 இன்னும் என் பீரோவுல இருக்குது, மறைக்க மாட்டேன். விலை அதிகம்னு போனவங்க உண்டு. ஆனா நாங்க ஒரு பூ எப்படிப் போடுறோம்னு ஸ்டால்லயே உட்கார்ந்து போட்டுக் காட்டினப்போ, நின்னு பார்த்தவங்க யாரும் விலை குறைச்சுக் கேக்கலை. எத்தனை குத்துன்னு கண்ணால பார்த்துட்டாங்க இல்லீங்களா.

இதோட முடிஞ்சிருந்தா நான் இன்னிக்குக் கோரிக்கைன்னு நிக்க மாட்டேன். இரண்டாவது ஆர்டர் எங்களுக்கு வரலை. பக்கத்து ஊராட்சியில ஒரு குழு அதே 15 ரூபாய்க்கு 16 பூவும் போட்டுக் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. அந்தக் குழு அக்காமாரும் இந்தக் கூட்டத்துல இருக்காங்க. அவங்கமேல எனக்குக் கோபம் இல்லை. அவங்க வீட்டுலயும் தவணை இருக்குது. அவங்களுக்கு யாரும் கடிகாரம் வச்சுக் காட்டலை, அவ்வளவுதான். நாளைக்கு இன்னொரு ஊர்ல 12 ரூபாய்க்குப் போடுவாங்க. அப்போ அவங்க கையில இருந்தும் ஆர்டர் போயிடும். நாம ஒருத்தருக்கொருத்தர் விலையைக் குறைச்சுக்கிட்டே போனா கடைசியில கடைக்கு மட்டும்தான் லாபம்.

ஒரு குழு தனியா எண்ணினாப் போதாது. சேமிப்பும் உள்கடனும் குழுவுலயே நடந்துடுது. ஆனா கூலியைக் காப்பாத்த ஒரு குழுவோட பலம் பத்தாது. அதுக்குத்தானே கூட்டமைப்பு வச்சிருக்கோம்? நான் கேக்கிறது இதுதான். நம்ம கூட்டமைப்புல எத்தனை குழு கைவேலை செய்யுதோ, அத்தனை பேரும் ஒரு நாள் கூடுவோம். பூத்தையல், காஜா, கொக்கி கட்டுறது, புடவைக் குச்சம், கூடை பின்னுறது, எதுவா இருந்தாலும் கடிகாரம் வச்சு எத்தனை நிமிஷம்னு பார்ப்போம். அதை ஒரு பட்டியலா எழுதி எல்லாக் குழு நோட்டுலயும் ஒட்டுவோம். நிமிஷத்துக்கு இவ்வளவு, இதுக்குக் கீழ எந்தக் குழுவும் வாங்குறதில்லைன்னு தீர்மானம் போடுவோம். அரசாங்கம் நாள் கூலியை ஏத்தும்போது இதையும் ஏத்துவோம். குறைஞ்ச காசு வச்சிருக்கிற கடைக்கு வேலையைக் குறைச்சுக் கொடுப்போம், கூலியைக் குறைக்க மாட்டோம்.

ஆர்டர் இல்லாத மாசத்துல தவணைக்குத் திணறுற அக்காமாருக்குக் கூட்டமைப்பு நிதியில இருந்து ஒரு சின்னக் கைமாத்து கொடுக்கவும் இதோட சேர்த்து யோசிக்கணும். அது இல்லாம இந்தத் தீர்மானம் நிக்காது. பசிக்கிறவங்களைப் பார்த்து விலையைக் குறைக்காதேன்னு சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பூப் போடக் கத்துக்கணும்னு நினைக்கிறவங்க எங்க குழுக் கூட்டம் நடக்கிற அன்னிக்கு மத்தியானம் வாங்க. கால் இஞ்சுக் கட்டத்துல ஒரு முழத் துணி, ஒரு லச்சி வெள்ளை நூல், ஒரு பூ ஊசி, துணியை இறுக்கிப் பிடிக்க ஒரு சின்ன வளையம் கொண்டு வந்தாப் போதும். நானும் சொல்லித் தர்றேன், மாங்காய் பார்டர் அக்காவும் சொல்லித் தருவாங்க. அவங்க என்னைவிட நல்லாச் சொல்லித் தருவாங்க. வரும்போது மறக்காம ஒரு கடிகாரமோ செல்போனோ எடுத்துக்கிட்டு வாங்க. முதல் பூ போடும்போதே நேரத்தைக் குறிச்சு வைக்கிற பழக்கம் வரட்டும்.